மலிபுவா, கேம்ரியா? செடான் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

(அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் பழைய செடான் கார் வாங்குவது குறித்து அனுப்பிய கேள்விகளில் சில, பதில்களுடன்.)

கேள்வி: அலுவலகத்துக்குப் போய்வர ஒரு பழைய கார் தேடுகிறேன். 2021 மாடல் ஷெவர்லே மலிபு எல்டி வகை ஒன்றும், அதே ஆண்டின் டொயோட்டா கேம்ரி எல்இ வகை ஒன்றும் ஏறக்குறைய ஒரே ஓட்டத்துடன் எங்கள் பகுதி டீலர்களிடம் இருக்கின்றன. மலிபுவின் விலை பல ஆயிரம் டாலர் குறைவு. நண்பர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேம்ரியை வாங்கச் சொல்கிறார்கள். இந்த விலை வித்தியாசத்துக்குப் பின்னால் ஏதேனும் கோளாறு ஒளிந்திருக்கிறதா?
– டாலஸ், டெக்சாஸ்

பதில்: விலை குறைந்திருப்பதற்கு முதற்காரணம் காரின் கோளாறு அன்று, அது விற்கப்பட்ட விதம். மலிபு பல ஆண்டுகளாக வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் அலுவலக உபயோகத்துக்கும் மொத்தமாக விற்கப்பட்டு வந்தது. அப்படிச் சென்ற கார்கள் ஓரிரு ஆண்டுகளில் ஏலத்தின் வழியே பழைய கார் சந்தைக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. வரத்து பெருகினால் விலை இறங்கத்தானே செய்யும். கேம்ரிக்கோ நிலைமை நேர் எதிர். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேம்ரி சுமார் 2,90,000 விற்றது, மலிபு சுமார் 1,30,000 விற்றது. அதாவது கேம்ரியும் அரிய பொருள் அன்று. ஆனாலும் பழைய கேம்ரியைத் தேடி வருவோர் அதைவிட அதிகம் என்பதால் விலை இறங்க மறுக்கிறது. இதனுடன், கான்சாஸ் மாநிலத்து ஃபேர்ஃபாக்ஸ் தொழிற்சாலையில் மலிபுவின் உற்பத்தி 2024 நவம்பரில் நின்றுபோனதால், நிறுத்தப்பட்ட வண்டி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

இனி காரைப் பார்ப்போம். எரிபொருள் விஷயத்தில் நீங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை எனலாம். நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து அரசு மதிப்பீடு இரண்டுக்கும் காலனுக்கு 32 மைல். சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளமும் இரண்டிலும் 111 அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது. டிக்கியின் கொள்ளளவில் மலிபு அரை கன அடிக்குச் சற்று மேல் கூடுதல். என்ஜினில்தான் இரண்டும் பிரிகின்றன. கேம்ரியில் 2.5 லிட்டர், 203 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்; மலிபுவில் 1.5 லிட்டர் டர்போ, 160 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி, தனித்தனி கியர் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி கியர்பாக்ஸ். நெடுஞ்சாலையில் ஏறும்போது, அதிலும் நான்கு பேரும் பெட்டிகளும் இருக்கும்போது, இந்த 40 குதிரைத்திறன் வித்தியாசம் காலுக்குத் தெரியும். அதே சமயம், டாலஸ் நகரத்தின் கான்கிரீட் சாலை இணைப்புகளில் மலிபு உடம்பை உலுக்காமல் போகிறது. மென்மையான ஓட்டம் என்பது அந்தக் காருக்கு முதலிலிருந்தே உள்ள நல்ல குணம்.

கேம்ரிக்குக் கூடுதலாகத் தரும் பணம் முழுவதும் செலவாகிவிடுவதில்லை, விற்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே வித்தியாசம் 1,500 அல்லது 2,000 டாலருக்குள் இருந்தால், உங்கள் நண்பர்கள் சொல்வதே சரி, கேம்ரியை வாங்குங்கள். 4,000 டாலரைத் தாண்டினால் மலிபுவின் பக்கம் நியாயம் சாய்கிறது. ஏனெனில் அது இறங்க வேண்டிய விலையில் பெரும்பகுதியை முதல் உரிமையாளரின் கையிலேயே இழந்துவிட்டது, இனி நீங்கள் இழக்கப்போவது சிறு தொகைதான். கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால், பழைய கார்களுக்கான இன்றைய வட்டியில் அந்த 4,000 டாலருக்கான வட்டியும் கேம்ரியின் கணக்கில்தான் ஏறும். இரண்டுக்கும் இடைப்பட்ட தொகையாக இருந்தால் எந்தக் காரின் பராமரிப்பு ரசீதுகள் முழுமையாக இருக்கின்றனவோ அதை எடுங்கள். பழைய கார் விஷயத்தில் பிராண்டைக் காட்டிலும் முன்னவர் எப்படி வைத்திருந்தார் என்பதே பெரிது.

வாடகைக்கு ஓடிய கார் என்று, காரின் முன்வரலாற்றைச் சொல்லும் கார்ஃபேக்ஸ் அறிக்கையில் இருந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஓட்டியவர்கள் பலர் என்பது உண்மை. ஆனால் அந்த நிறுவனங்கள் ஆயிலைக் காலத்தில் மாற்றும் வழக்கமுடையவை. தனியார் ஒருவர் வைத்திருந்து, ஆயில் மாற்றியதற்கு ஒரு தடயமும் இல்லாத காரைவிட அது மேல்.

கேள்வி: தினமும் போக வர 80 மைல் ஓட்டுகிறேன். மலிபு, ஹோண்டா அக்கார்டு, கேம்ரி, ஹூண்டாய் சொனாட்டா ஆகிய நான்கில் எது சிக்கனம்?
– அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 20,000 மைல் வருகிறது. இந்த ஓட்டத்துக்கு மலிபுவை நான் சொல்ல மாட்டேன். பெட்ரோல் என்ஜினுடன் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கேம்ரியைத்தான் சொல்வேன். 2018 முதல் 2024 வரையிலான கேம்ரி ஹைபிரிட் எல்இ காலனுக்கு 52 மைல் தருவதாக மதிப்பிடப்பட்டது. 32 மைல் தரும் கார் உங்களுக்கு ஆண்டுக்கு 625 காலன் குடிக்கும் என்றால், இது 385 காலனில் வேலையை முடித்துவிடும். காலன் 3.20 டாலர் என்று கொண்டால் ஆண்டுக்கு 768 டாலர், நான்கு ஆண்டுகளில் 3,000 டாலருக்கு மேல் மிச்சம். மலிபுவின் குறைந்த விலை தரும் லாபத்தை இது விழுங்கிவிடும். ஆண்டுக்கு 8,000 மைல் மட்டும் ஓட்டும் ஒருவருக்கு இதே கணக்கு ஆண்டுக்கு 300 டாலர் அளவில் நின்றுவிடும், அவர் மலிபுவை வாங்கினால் தவறில்லை.

அக்கார்டு ஹைபிரிட் 47, 48 மைல் என்ற அளவில் சற்றே பின்னால் நிற்கிறது. ஆனால் ஓட்டுவதற்கு நான்கிலும் இனிமையானது அதுவே என்பது என் அபிப்பிராயம். சொனாட்டா ஹைபிரிட்டில் ‘புளூ’ என்ற அடிப்படை வகை 52 மைலும் மற்றவை 47 மைலும் தருகின்றன. பேட்டரியைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். 2020 மாடல் தொடங்கி டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வாரண்டி தருகிறது, கார் கைமாறினாலும் அது கூடவே வரும். உங்கள் ஓட்டத்தில் ஆண்டுகளுக்கு முன்பே மைல் தீர்ந்துவிடும் என்பதால், வாங்கும்போது எத்தனை மைல் மிச்சம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

மலிபுவிலும் 2016 முதல் 2019 வரை ஒரு ஹைபிரிட் வந்தது, பலருக்கு இது தெரியாது. ஷெவர்லே வோல்ட் காரின் மின் தொழில்நுட்பத்தை எடுத்து 1.8 லிட்டர் என்ஜினுடன் சேர்த்துச் செய்தது. காலனுக்கு 46 மைல் தரும். நல்ல பொறியியல்தான். ஆனால் விற்றது சொற்பம், பேட்டரி டிக்கியின் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, வேலை தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். தினமும் 80 மைல் ஓட்ட வேண்டிய ஒருவர் அதைத் தேடிப் போக வேண்டாம்.

கேள்வி: 1.5 லிட்டர் டர்போ என்ஜின் இவ்வளவு பெரிய காரை இழுத்து இழுத்துச் சீக்கிரம் தேய்ந்துவிடாதா? மலிபுவின் பிஸ்டன் உடைகிறது என்றும் கேள்விப்படுகிறேன்.
– டிராய், மிச்சிகன்

பதில்: என்ஜின் சிறியது என்பதாலேயே தேய்ந்துவிடாது. நீங்கள் கேள்விப்பட்டதில் விஷயம் இருக்கிறது. ஆனால் காரணத்தைப் புரிந்துகொண்டால் பயத்தை அளவோடு வைத்துக்கொள்ளலாம். நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய டர்போ என்ஜின்களில், குறைந்த வேகச் சுழற்சியில் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்கும்போது, தீப்பொறி விழுவதற்கு முன்பாகவே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு நிகழ்வு உண்டு. சிலிண்டருக்குள் வந்து சேரும் நுண்ணிய ஆயில் துளிகளும் அதற்கு ஒரு தூண்டுதல். அந்த அதிர்ச்சி அளவுக்கு மீறி ஏறும்போது பிஸ்டனில் விரிசல் காண்கிறது. இது மலிபுவுக்கு மட்டும் உரிய நோய் அன்று, அந்தத் தலைமுறை டர்போ என்ஜின்கள் பலவற்றுக்கும் பொதுவானது. இதற்காகவே ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் டெக்சோஸ் 1 என்ற ஆயில் தரத்தை 2017-இல் திருத்தி இரண்டாம் தலைமுறையாகக் கொண்டுவந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது தெளிவு: அந்தத் தரக்குறி டப்பாவில் அச்சிடப்பட்ட முழு சிந்தெடிக் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். காரின் திரை ஆயிலின் ஆயுளைச் சதவீதத்தில் காட்டும். அது பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திராமல் 5,000 மைலுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. 40 டாலருக்கு ஆயில் மாற்றித் தரும் கடையில் எந்த ஆயிலை ஊற்றினார்கள் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். வாங்கப் போகும் காரில், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். டீலர் முன்னதாகவே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நடுக்கமோ நீல நிறப் புகையோ இருந்தால் அந்தக் காரை விட்டுவிட வேண்டும்.

ஒப்பிடுவதானால் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போவும் அப்பழுக்கற்றது அன்று. குளிர் மாநிலங்களில் குறுந்தூரம் ஓட்டுவோருக்கு ஆயிலில் பெட்ரோல் கலந்துவிடும் சிக்கல் 2016–2018 சிவிக்கிலும் 2017–2018 சிஆர்-வியிலும் எழுந்து, ஹோண்டா அவற்றின் வாரண்டியை நீட்டித்தது. இந்த வகுப்பில் டர்போ இல்லாத என்ஜின்தான் வேண்டும் என்று நினைக்கும் மிச்சிகன் வாசகருக்கு கேம்ரியின் 2.5 லிட்டரும் சொனாட்டாவின் 2.5 லிட்டரும் இருக்கின்றன.

கியர்பாக்ஸ் பற்றியும் ஒரு சொல். மலிபுவில் 2018 வரை 1.5 லிட்டருடன் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. 2019 முதல் சிவிடி. சிவிடியை விரும்பாதவர்கள் 2018 மாடலைப் பார்க்கலாம். பழையதானாலும் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கப்பட்ட கியர்பாக்ஸ் அது.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது முடிந்து லைசென்ஸ் வந்துவிட்டது. அவளுக்கென்று ஒரு பாதுகாப்பான, விலை குறைந்த செடான் வேண்டும். மலிபு சரிப்படுமா?
– கேரி, வட கரோலினா

பதில்: இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல இயலாது, மலிபுவின் தனிச்சிறப்பும் அதன் பெரிய குறையும் இரண்டுமே உங்கள் கேள்விக்குள் வந்துவிடுகின்றன.

சிறப்பு, ‘டீன் டிரைவர்’ என்ற வசதி. ஜெனரல் மோட்டார்ஸ் இதை முதன்முதலில் 2016 மலிபுவில்தான் கொண்டுவந்தது. பெற்றோர் ஒரு ரகசிய எண்ணை அமைத்து, மகளின் சாவியை மட்டும் தனியே பதிவு செய்துவிடலாம். அந்தச் சாவியுடன் கார் ஓடும்போது, முன்னிருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் போடும்வரை பாட்டு ஒலிக்காது. ஒலியின் அளவுக்கும் உச்சவரம்பு வைக்கலாம். நீங்கள் குறித்த வேகத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். வழுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாட்டை அணைக்க முடியாது. வீடு திரும்பியதும் ரகசிய எண்ணைப் போட்டால் எவ்வளவு தூரம் ஓடியது, அதிகபட்ச வேகம் என்ன, சறுக்கல் தடுப்பு எத்தனை முறை வேலை செய்தது என்று ஓர் அறிக்கை திரையில் வரும். பிள்ளைக்குத் தெரியாமல் வேவு பார்ப்பதாக இது ஆகிவிடக் கூடாது. அறிக்கையை மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதே முறை. வாங்கும் காரில் இந்த வசதி இருக்கிறதா என்பதைத் திரையின் அமைப்புகள் பகுதிக்குள் சென்று பார்த்துவிடுங்கள்.

குறை, மோதலைத் தவிர்க்கத் தானாகவே பிரேக் போடும் வசதி. கேம்ரியிலும் அக்கார்டிலும் 2018 முதல், நிசான் ஆல்டிமாவில் 2019 முதல் அது எல்லா வகையிலும் கட்டாயமாக வந்துவிட்டது. மலிபுவிலோ மலிவான வகைகளில் அதைத் தனிப் பணம் கொடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. வாடகை நிறுவனங்களுக்குப் போன கார்கள் பலவற்றில் அது சேர்க்கப்படவே இல்லை. ஆகவே ஒரே ஆண்டின், ஒரே நிறத்து இரண்டு மலிபுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒன்றில் அது இருக்கும், மற்றதில் இருக்காது. காருக்குள், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிக்கு மேலே, முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு கேமராவைப் பாருங்கள். அது இல்லாத காரைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் சரி.

மோதல் சோதனைகளைப் பொறுத்தவரை, காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் அமைப்பு பக்கவாட்டு மோதலுக்கான தன் சோதனையை அண்மை ஆண்டுகளில் கடுமையாக்கியது. மோதும் தடுப்பின் எடை 3,300 பவுண்டிலிருந்து 4,200 பவுண்டாகவும், வேகம் 31 மைலிலிருந்து 37 மைலாகவும் ஏறின. சாலைகளில் எஸ்யூவிகள் பெருகிவிட்டதுதான் காரணம். 2022-இல் வெளியான அந்த முடிவுகளில் சுபாரு அவுட்பேக் மட்டுமே ‘நன்று’ பெற்றது. சொனாட்டா ‘ஏற்கத்தக்கது’, அக்கார்டு அதற்கும் கீழே. மலிபு, ஆல்டிமா, கேம்ரி மூன்றும் கடைசித் தரமான ‘மோசம்’ பெற்றன. கேம்ரி என்றால் எல்லாவற்றிலும் முதலிடம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். பழைய, எளிய சோதனையில் இவை யாவுமே ‘நன்று’ பெற்ற கார்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மகளுக்கு என் தேர்வு 2020-க்குப் பிந்தைய சொனாட்டா. இரண்டாவதாக, கேமரா உள்ள மலிபு. இன்ஷூரன்ஸ் தொகையை இரண்டுக்கும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அந்த வயதுக்கு அது காரின் மாதத் தவணையை எட்டிப் பிடிக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் பிழைக்கிறோம், அமெரிக்கக் காரையே வாங்க வேண்டும் என்பது என் கணவரின் கொள்கை. நான் அக்கார்டு வாங்கலாம் என்கிறேன். யார் பக்கம் நியாயம்?
– கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: குடும்ப வழக்கில் தீர்ப்புச் சொல்லும் துணிவு எனக்கில்லை, தகவலை மட்டும் வைக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மேரிஸ்வில் நகரில் ஹோண்டா 1982 முதல் அக்கார்டைத் தயாரித்துவந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அமெரிக்க மண்ணில் செய்த முதல் கார் அதுவே. கேம்ரி 1988 முதல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் உருவாகிறது, ஆல்டிமா டென்னசியிலும் மிசிசிப்பியிலும். இதற்கு மாறாக, பெயரால் முழு அமெரிக்கராகிய ஃபோர்டின் ஃப்யூஷன், 2020-இல் நிறுத்தப்படும்வரை மெக்சிகோவின் எர்மோசியோ நகரிலிருந்து வந்தது. டெட்ராய்ட் நிறுவனங்கள் செடான்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டன: கிரைஸ்லர் 200 2016 இறுதியில், ஷெவர்லே குரூஸ் 2019-இல், இம்பாலா 2020-இல். பெயரும் அமெரிக்கம், தயாரிப்பும் அமெரிக்கம், விலையும் எட்டக்கூடியது என்று கடைசியாக மிஞ்சியிருந்த நடுத்தர செடான் மலிபுதான். 1964-இல் ஷெவல் காரின் உயர் வகையாகத் தொடங்கிய பெயர் அது. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

ஒரு கார் எங்கே பிறந்தது என்று அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன் கண்ணாடியின் கீழ் மூலையில், ஓட்டுநர் பக்கம், வின் எண் எனப்படும் 17 இலக்க அடையாள எண் இருக்கும். அது 1, 4, 5 என்ற எண்களில் ஒன்றுடன் தொடங்கினால் அமெரிக்கா, 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ. ஜே என்ற எழுத்து ஜப்பானையும் கே கொரியாவையும் குறிக்கும். மலிபு 1-இல் தொடங்கும், அமெரிக்க அக்கார்டும் 1-இல்தான் தொடங்கும், கென்டக்கி கேம்ரி 4-இல். புதிய கார் வாங்குவோருக்கு இது வெறும் கொள்கைப் பிரச்சினையும் அன்று. அமெரிக்காவில் இறுதியாகப் பொருத்தப்பட்ட புதிய காருக்கு 2025 முதல் 2028 வரை செலுத்தும் கடன் வட்டியில், வருமான வரம்புக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வரிக் கழிவு உண்டு. கென்டக்கி கேம்ரிக்கு அது கிடைக்கும். கொரியாவிலிருந்து இறங்கும் சொனாட்டாவுக்குக் கிடைக்காது. பழைய கார் எதற்கும் இந்தச் சலுகை இல்லை. லாபம் கடைசியில் டெட்ராய்ட்டுக்குப் போகிறதா டோக்கியோவுக்குப் போகிறதா என்பது உங்கள் கணவரின் வாதமாக இருந்தால், அதற்கு வின் எண்ணில் பதில் இல்லை.

கேள்வி: சொனாட்டாவுக்கு 10 ஆண்டு வாரண்டி இருக்கும்போது வேறு காரை ஏன் பார்க்க வேண்டும்? 2017 மாடல் ஒன்றை வாங்க இருக்கிறேன்.
– நேப்பர்வில், இல்லினாய்

பதில்: அந்த 10 ஆண்டு, 1,00,000 மைல் வாரண்டி முதல் உரிமையாளருக்கானது. இரண்டாவதாக வாங்குபவருக்கு என்ஜின், கியர்பாக்ஸ் பாதுகாப்பு 5 ஆண்டு, 60,000 மைலாகச் சுருங்கிவிடும். ஹூண்டாய் தானே சான்றளித்து விற்கும் பழைய கார்கள் விதிவிலக்கு. 2017 மாடலுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மலிபு, கேம்ரி, அக்கார்டு ஆகியவற்றுக்கும் அதே 5 ஆண்டு, 60,000 மைல்தான். ஆனால் கைமாறும்போது குறைவதில்லை.

2017 சொனாட்டாவை வாங்குமுன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். 2011 முதல் 2019 வரையிலான அதன் 2.4 லிட்டர், 2.0 லிட்டர் டர்போ என்ஜின்களில் பிஸ்டனைச் சுழல் தண்டுடன் இணைக்கும் கம்பியின் பேரிங் (கனெக்டிங் ராடு பேரிங்) தேய்ந்து என்ஜின் முழுவதுமே போய்விட்ட நிகழ்வுகள் ஏராளம். வழக்குகளுக்குப் பிறகு, முன்கூட்டியே எச்சரிக்கும் மென்பொருளைப் போட்டுக்கொண்ட கார்களுக்கு அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை நிறுவனம் நீட்டித்தது. அந்த மென்பொருள் போடப்பட்டிருக்கிறதா என்பதை வின் எண்ணைக் கொடுத்து ஹூண்டாய் டீலரிடம் கேளுங்கள். இரண்டாவது, திருட்டு. சாவியைச் செருகித் திருகும் வகை கார்களில் திருட்டுத் தடுப்பு மின்னணுப் பூட்டு இல்லாததால், எப்படித் திருடுவது என்று காட்டும் காணொளிகள் பரவி, சில நகரங்களில் காப்பீட்டு நிறுவனங்களே புதிய பாலிசி தர மறுத்தன. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் சொனாட்டாவுக்கு இந்தக் கவலை இல்லை. நீங்கள் பார்த்து வைத்திருப்பது திருகும் சாவி உள்ள கார் என்றால், அதை விட்டுவிட்டு 2020-க்குப் பிந்தைய மாடலுக்குக் காத்திருங்கள்.

கேள்வி: நிசான் ஆல்டிமா எல்லாவற்றையும்விட மலிவாகக் கிடைக்கிறதே?
– சாண்ட்லர், அரிசோனா

பதில்: 2013 முதல் 2016 வரையிலானதை எவ்வளவு மலிவானாலும் தொட வேண்டாம், அதன் சிவிடிக்கு நிறுவனமே வாரண்டியை 84 மாதம், 84,000 மைலாக நீட்டிக்க நேர்ந்தது, அந்தக் காலமும் கடந்துவிட்டது. 2019-க்குப் பிந்தைய 2.5 லிட்டர் ஆல்டிமா மோசமில்லை. 2.0 லிட்டர் டர்போ வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதன் 2019, 2020 மாடல்கள் என்ஜின் பேரிங் குறைபாட்டுக்காக 2025-இல் திரும்ப அழைக்கப்பட்டன.

கேள்வி: பனிக்காலத்துக்கு மலிபு போதுமா, நான்கு சக்கரமும் இழுக்கும் கார்தான் வேண்டுமா?
– மினியாபொலிஸ், மின்னசோட்டா

பதில்: இந்தத் தலைமுறை மலிபுவில் முன்சக்கர இழுப்பு மட்டுமே. ஆல்டிமாவில் 2019 முதலும் கேம்ரியில் 2020 முதலும் நான்கு சக்கர இழுப்பு கிடைக்கிறது, சுபாரு லெகசியின் அண்மை ஆண்டு மாடல்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் நான்கு சக்கரம் காரைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. உங்கள் தெருவில் ஏற்றம் இல்லையென்றால், மலிபுவுக்கு நல்ல பனிக்கால டயர் நான்கு வாங்கிப் போடுங்கள். சாதாரண டயருடன் ஓடும் நான்கு சக்கரக் காரைவிட அது உங்களைப் பத்திரமாக நிறுத்தும்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வருகிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி. செடானில் ஏறி இறங்கச் சிரமப்படுவார்களா?
– ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: சிரமப்படுவார்கள் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. செடானின் இருக்கை தாழ்வானது. உட்காருவதைவிட எழுவதுதான் கடினம், அதிலும் பின்னிருக்கையில் சாய்ந்த கூரை தலையில் இடிக்கும். அவர்கள் வருகைக்காகவே கார் வாங்குவதாக இருந்தால் செடானை மறந்துவிடுங்கள். மற்ற காரணங்களுக்காகச் செடான்தான் என்றால், அக்கார்டைப் பாருங்கள். 2018-க்குப் பிந்தைய அக்கார்டின் பின்னிருக்கையில் கால் நீட்ட 40 அங்குலத்துக்கு மேல் இடம் உண்டு. மலிபுவிலும் கேம்ரியிலும் 38 அங்குலம். 2020-க்குப் பிந்தைய சொனாட்டாவில் 34.8 அங்குலம்தான். அப்பாவை முன்னால் உட்கார வைப்பதானால், முன் பயணி இருக்கையை உயர்த்தும் வசதி அந்த வகையில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான வகைகளில் ஓட்டுநர் இருக்கைக்கு மட்டுமே அது இருப்பது வழக்கம். விமான நிலையத்துக்குப் போகும் அன்று, ஆளுக்கு இரண்டாக வரும் நான்கு பெரிய பெட்டிகளும் எந்தச் செடானின் டிக்கியிலும் அடங்கும் என்று நம்பிப் போக வேண்டாம், அக்கார்டின் 16.7 கன அடியிலும் ஒரு பெட்டி பின்னிருக்கைக்கு வந்துவிடக்கூடும்.

கேள்வி: உற்பத்தி நின்றுவிட்ட மலிபுவுக்கு இனி உதிரி பாகம் கிடைக்குமா?
– டாம்பா, ஃப்ளோரிடா

பதில்: கிடைக்கும். 2016 முதல் 2025 மாடல் வரை ஒரே தலைமுறை ஓடியிருக்கிறது; ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஒரே அமைப்பு என்பதால் கதவு, விளக்கு, கண்ணாடி, சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்குப் பழைய கார் உடைக்கும் யார்டுகளிலும் வெளி நிறுவனத் தயாரிப்பிலும் பஞ்சம் வராது. ஷெவர்லே டீலர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், மிச்சமிருக்கும் வாரண்டியும் அப்படியே செல்லும். தட்டுப்பாடு வருமானால் முதலில் வருவது ஹைபிரிட் வகைக்கும், 2022-உடன் நின்ற 250 குதிரைத்திறன் 2.0 லிட்டர் டர்போ வகைக்கும்தான். சாதாரண 1.5 லிட்டர் மலிபுவை வாங்குவதானால், வின் எண்ணை அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டு, நிறைவேற்றப்படாத திரும்ப அழைப்பு ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்கு அனுமதிக்க மறுக்கும் டீலரிடம் பேரம் பேச வேண்டியதில்லை.